வெள்ளை வேட்டி ஏன் சாம்பலாகிறது? கேமராவின் மோடுகளும் திருத்த அமைப்புகளும்

வெள்ளையடித்த சுவர், அதன் முன்னால் ஒரு மர நாற்காலி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். காலை வெயில் முற்றத்தில் நன்றாக விழுகிறது. கேமராவை ஆட்டோவில் வைத்து ஒரு படம் எடுத்தேன். அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய வேட்டி, படத்தில் நாலு நாள் கட்டிய வேட்டி மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது. முகமும் இருண்டிருந்தது. அன்று சாயங்காலமே தெருக்கோடிப் பிள்ளையாரை எடுத்தேன். கருங்கல் சிலை, எண்ணெய் ஏறி ஏறிக் கன்னங்கரேலென்று மின்னும். படத்தில் அவர் வெளிறிப்போய், சிமெண்டில் செய்தவர் மாதிரி இருந்தார்.

ஒரே கேமரா, ஒரே நாள். ஒரு படம் இருட்டு, இன்னொன்று வெளுப்பு. கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று அன்றைக்கு நினைத்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டு இடத்திலும் கேமரா ஒரே வேலையைத்தான் செய்திருந்தது. அது என்ன வேலை என்று புரிந்த பிறகுதான் மோடு டயலில் இருக்கும் எழுத்துகளும், மெனுவுக்குள் வரிசையாக இருக்கும் திருத்த அமைப்புகளும் எனக்குப் பிடிபட்டன. அதனால் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் கேட்டால் நான் டயலிலிருந்து தொடங்குவதில்லை. இந்த வேட்டியிலிருந்துதான் தொடங்குவேன்.

கேமராவின் கண்ணில் உலகமே நடுச்சாம்பல்

கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது. எதிரில் இருக்கும் பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியைத்தான் அது அளக்கிறது. நிறைய ஒளி வருகிறது என்றால், அது வெள்ளைப் பொருள் என்பதாலா, வெயில் கடுமையாக அடிக்கிறது என்பதாலா? மீட்டருக்கு அது தெரிய வழியில்லை. எனவே ஓர் அனுமானத்தோடு வேலை செய்கிறது: எதிரில் இருப்பதை எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் நடுத்தரமான சாம்பல் நிறம் வரும் என்பதுதான் அந்த அனுமானம். விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். ஸ்டுடியோக்காரர்கள் கையில் வைத்திருக்கும் சாம்பல் அட்டை இதற்காகத்தான்.

தெருவும் மரமும் மனிதர்களும் கலந்த சாதாரணக் காட்சியில் இந்த அனுமானம் நன்றாகவே பலிக்கிறது. வெள்ளைச் சுவரும் வெள்ளை வேட்டியும் மட்டும் நிறைந்த காட்சியில் பலிக்காது. ‘இவ்வளவு ஒளியா!’ என்று கேமரா குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகிவிடும். கருங்கல் பிள்ளையார் முன்னால் ‘ஒளியே போதவில்லை’ என்று கூட்டிவிடும். அவரும் சாம்பலாகிவிடுவார்.

இந்தத் தவறைக் குறைக்கக் கேமரா செய்பவர்கள் நெடுநாளாக உழைத்திருக்கிறார்கள். 1983இல் வந்த நிக்கான் எஃப்ஏ, காட்சியை 5 பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து முடிவெடுத்தது. இன்றைய கேமராக்கள் இன்னும் எத்தனையோ பகுதிகளாகப் பிரித்து, முகம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கின்றன. தவறு குறைந்திருக்கிறது. போய்விடவில்லை. வேட்டி வெள்ளை என்பது நமக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. அந்த ஒரு தகவலை அதன் காதில் போடுவதற்குத்தான் பாதிப் பொத்தான்கள் இருக்கின்றன.

சரி, இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இது தேவைப்படும். கேமராவில் நாம் தொடும் அமைப்புகள் இரண்டு வகை. ஒன்று, ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரில் அது விழும்போதே முடிவாகிவிடுவது. இன்னொன்று, விழுந்த ஒளியை வைத்துக் கேமரா படம் சமைக்கும்போது செய்வது. முதலாவது, சோறு உலையில் வேகிற மாதிரி: குழைந்துவிட்டால் திரும்ப அரிசியாக்க முடியாது. இரண்டாவது தாளிப்பு மாதிரி: பிடிக்கவில்லை என்றால் வேறு மாதிரி தாளித்துக்கொள்ளலாம். மோடுகள் எல்லாம் உலை. திருத்த அமைப்புகளில் பெரும்பாலானவை தாளிப்பு. ஒன்றிரண்டு மட்டும் தாளிப்பு என்று பெயர் சொல்லிக்கொண்டு உலையிலும் கை வைக்கும். அவற்றைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க மூன்று வழி

ஷட்டர், எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்பதை முடிவு செய்கிறது. 1/125 நொடியிலிருந்து 1/250க்குப் போனால் ஒளி பாதியாகும். இப்படிப் பாதியாவதையும் இரண்டு மடங்காவதையும்தான் ‘ஒரு ஸ்டாப்’ என்கிறோம்.

அப்பர்ச்சர், லென்ஸுக்குள் இருக்கும் துளையின் அளவு. இதில் எண் ஏறினால் துளை சிறுக்கும் என்பது எல்லோரையும் ஆரம்பத்தில் குழப்பும். அது பின்னம் என்று தெரிந்தால் குழப்பம் போய்விடும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் 50ஐ 2ஆல் வகுக்க வேண்டும்: துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர், ஏறக்குறைய பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. எஃப் 4 என்றால் 12.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். எனவே 2க்கும் 4க்கும் நடுவே இரண்டு ஸ்டாப். நடுவில் இருக்கும் 2.8 என்ற விசித்திரமான எண் அந்த ஒரு ஸ்டாப்புக்காகத்தான். பெரிய துளையில் பின்னணி மங்கி முகம் மட்டும் தெளிவாக நிற்கும். சிறிய துளையில் முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது ஐஎஸ்ஓ. இது கூடுதல் ஒளியை உள்ளே கொண்டுவருவதில்லை. வந்த ஒளியின் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டுகிறது. கோயில் ஒலிபெருக்கியில் சத்தத்தை ஏற்றினால் பாட்டோடு கரகரப்பும் ஏறுகிறதல்லவா, அதுதான் இங்கே படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகளாக வருகிறது.

அந்த நாலு எழுத்து

டயலில் பி, ஏ, எஸ், எம் என்று நாலு எழுத்து இருக்கும். கேனானிலும் பென்டாக்ஸிலும் ஏ இருக்கும் இடத்தில் ஏவி, எஸ் இருக்கும் இடத்தில் டிவி. அந்த டிவிக்கும் தொலைக்காட்சிக்கும் தொடர்பில்லை; நேரத்தின் அளவு என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

இவை டிஜிட்டல் காலத்துச் சரக்கு இல்லை. ஷட்டரை நீங்கள் சொன்னால் அப்பர்ச்சரைத் தானே முடிவு செய்யும் கேனான் ஏஇ-1, 1976இல் வந்து அமோகமாக விற்றது. அடுத்த வருடம் மினோல்டா, ஷட்டரைச் சொன்னாலும் அப்பர்ச்சரைச் சொன்னாலும் மற்றதைத் தானே முடிவு செய்யும் கேமராவைக் கொண்டுவந்தது. 1978இல் வந்த கேனான் ஏ-1, இரண்டையும் தானே முடிவு செய்யும் பி மோடையும் சேர்த்தது. நம் கையில் இருக்கும் மிரர்லெஸ் கேமராவின் டயல் அந்த வரிசையை அப்படியே சுமந்துகொண்டிருக்கிறது.

பி மோடில் ஷட்டரும் அப்பர்ச்சரும் கேமராவின் பொறுப்பு. பச்சை நிற ஆட்டோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். ஆட்டோ உங்களை எதையும் தொடவிடாது, இஷ்டத்துக்கு ஃபிளாஷைத் தூக்கும். பி மோடில் ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், வெளிச்சத் திருத்தம் எல்லாம் உங்கள் கையில். ஆட்டோவிலிருந்து வெளியே வருபவர்கள் ஒரு வாரம் இதில் இருக்கலாம்.

ஏ மோடில் அப்பர்ச்சரை நீங்கள் சொல்கிறீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நான் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி இதில்தான். பாட்டியின் முகம் மட்டும் வேண்டுமென்றால் 2.8, மூன்று வரிசையில் நிற்கும் குடும்பப் படம் என்றால் 8. வாங்கும்போது கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் முழு ஜூமில் 5.6க்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. அதற்காக மனம் தளர வேண்டாம். எடுப்பவருக்கும் முகத்துக்கும் இடைவெளியைக் குறைத்து, முகத்துக்கும் பின்சுவருக்கும் இடைவெளியைக் கூட்டினால் 5.6லேயே பின்னணி கரையும்.

இந்த மோடில் ஒரு குழி இருக்கிறது, நான் அதில் விழுந்திருக்கிறேன். அத்தை மகள் கல்யாணம். மண்டபத்துக்குள் ஏ மோடில், 5.6இல், ஐஎஸ்ஓவை 400இல் நிறுத்திவிட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவின் திரையில் எல்லாப் படமும் சரியான வெளிச்சத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் மாலை மாற்றும் படங்கள் எல்லாம் அசைந்து கலங்கியிருந்தன. உள்ளே ஒளி குறைவு. துளையை நான் பூட்டிவிட்டேன், ஐஎஸ்ஓவையும் பூட்டிவிட்டேன். கேமராவுக்கு மிச்சம் இருந்தது ஷட்டர் மட்டும்தான். அது 1/15க்கு இறங்கிவிட்டது. மாலை மாற்றும் கைகள் அந்த நேரத்தில் ஒரு சாண் நகர்ந்துவிடும். மாலை ஒருமுறைதான் மாற்றுவார்கள். அந்தப் படங்கள் போனது போனதுதான். அதற்குப் பிறகு உள்ளே நுழைந்ததும் ஷட்டர் எண்ணைப் பார்ப்பது என் கண்ணுக்குப் பழக்கமாகிவிட்டது. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஷட்டர் 1/125க்குக் கீழே போகக் கூடாது என்று மெனுவில் ஒரு வரம்பு வைக்கவும் பல கேமராக்களில் வழி உண்டு. லென்ஸில் ஆட்டம் தாங்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். மணமகள் கை அசைவதை அதனால் நிறுத்த முடியாது.

எஸ் மோடில் ஷட்டர் உங்களுடையது. கிணற்றில் குதிக்கும் பையன்களைக் காற்றில் நிறுத்த 1/1000. சைக்கிளில் போகிறவரை, கேமராவையும் அவரோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே, பின்னணி கோடுகளாக ஓட எடுக்க 1/30. இதற்கும் ஒரு குழி உண்டு: இருட்டில் 1/1000 கேட்டால், லென்ஸ் முழுவதும் திறந்தும் ஒளி போதாது. அப்போது பல கேமராக்களில் அப்பர்ச்சர் எண் கண்சிமிட்டும். அந்தச் சிமிட்டலை அலட்சியம் செய்தால் கறுப்புப் படம்தான்.

இப்போது வேட்டிக்குத் திரும்புவோம். தாத்தாவின் படம் இருட்டாக வந்ததும் பி-யிலிருந்து ஏ-க்கும், ஏ-யிலிருந்து எஸ்-க்கும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். மூன்றிலும் வேட்டி அதே சாம்பலாகத்தான் வரும். ஏனென்றால் இந்த மூன்று மோடிலும் ‘எவ்வளவு வெளிச்சம்’ என்பதை முடிவு செய்வது அதே மீட்டர். அந்த வெளிச்சத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் மோடுக்கு மோடு மாறுகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கூட்டல், கழித்தல் போட்ட பொத்தான்

வேட்டியைக் காப்பாற்றுவது, கூட்டல் கழித்தல் குறி போட்ட சின்னப் பொத்தான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று கையேட்டில் இருக்கும். வெளிச்சத் திருத்தம் என்று நான் சொல்கிறேன். அதை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் பொதுவாக ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்காக ஏறும், இறங்கும். சில கேமராக்களில் இதற்கென்றே மேலே தனிச் சக்கரம் இருக்கும்.

முதலில் எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள். வெள்ளைப் பொருள், வெளிச்சம் அதிகம், எனவே குறைப்போம் என்று கழித்தலுக்குப் போவார்கள். கேமரா ஏற்கெனவே குறைத்துவிட்டது. நாம் கூட்ட வேண்டும். வெள்ளை வேட்டிக்குக் கூட்டல், கருங்கல்லுக்குக் கழித்தல். வேட்டிக்கும் வெள்ளைச் சுவருக்கும் நான் கூட்டல் 1இல் தொடங்குவேன். பிள்ளையாருக்குக் கழித்தல் 1. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் முகம் வேண்டுமென்றால் கூட்டல் 1 அல்லது ஒன்றரை. அப்போது ஜன்னலுக்கு வெளியே வெளுத்துப் போகும், போகட்டும், நமக்கு முகம்தான் முக்கியம். மெரினாவில் சூரியன் எழும்பும்போது கடலின் நிறம் வேண்டுமென்றால் கழித்தல் 1.

இதெல்லாம் தொடங்கும் இடம்தான். கூட்டல் 2 வரை போனால் வேட்டி வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் மடிப்பு போய்விடும். கரை தெரியும், துணி தெரியாது. காகிதம் வெட்டி ஒட்டியது போல இருக்கும். தலையில் வைத்த மல்லிகைப்பூவுக்கும் இதே கதி: ஒவ்வொரு மொட்டாகத் தெரிய வேண்டியது ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அந்த இடத்தில் சென்சார் நிரம்பி வழிந்துவிட்டது. அங்கே விவரம் என்று எதுவும் பதிவாகவில்லை, எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இருண்ட இடத்தை ஓரளவு தூக்கலாம், மணல் மணலாக வந்தாலும் ஏதோ இருக்கும். வெளுத்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. வெள்ளைக்காகக் கூட்டும்போது வழிந்துவிடும் எல்லைக்கு ஒரு படி கீழே நின்றுவிடுங்கள்.

எல்லை எங்கே என்று கேமராவே காட்டும். எடுத்த படத்தைப் பார்க்கும்போது, வெளுத்துப்போன இடங்கள் கறுப்பும் வெள்ளையுமாக மினுக்கும்படி மெனுவில் ஓர் அமைப்பு உண்டு. அதை இன்றைக்கே போட்டுவையுங்கள். ஹிஸ்டோகிராம் என்ற மலை மாதிரியான வரைபடமும் இதைத்தான் சொல்கிறது: இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை, மலை வலது சுவரில் போய் முட்டி நின்றால் அங்கே வழிந்திருக்கிறது. மலை நடுவில்தான் இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. வெள்ளைச் சுவரில் வெள்ளை வேட்டி என்றால் மலை வலப்பக்கம் இருப்பதுதான் நியாயம்.

எம் மோடில் ஷட்டர், அப்பர்ச்சர் இரண்டையும் நாமே சொல்ல வேண்டும். அதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம். நிலையான வெளிச்சத்தில் அதுதான் மிகவும் நிம்மதியான மோடு. ஒரே திண்ணை, ஒரே வெளிச்சம். தாத்தா வெள்ளை வேட்டியில் வருகிறார், அடுத்துப் பாட்டி அரக்குப் பட்டில் வருகிறார். ஏ மோடில் தாத்தாவுக்குக் கூட்டல், பாட்டிக்குக் கழித்தல் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எம் மோடில் ஒருமுறை திண்ணையின் வெளிச்சத்துக்குச் சரியாக வைத்துவிட்டால், வேட்டி வேட்டியாகவும் பட்டு பட்டாகவும் தானே வரும். விழும் வெளிச்சம் மாறவில்லை. உடையின் நிறம் மாறினால் என்ன? ஒன்று மட்டும் கவனம்: எம் மோடில் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால், பழையபடி மீட்டரின் கையில்தான் வெளிச்சம் இருக்கும். ஐஎஸ்ஓவையும் ஓர் எண்ணில் நிறுத்த வேண்டும்.

மார்கழியில் சென்னை சபாக்களில் பரதநாட்டியம் எடுக்க அனுமதி கிடைப்பவர்களுக்கு இது முழுப் பாடமும் ஒரே மேடையில் கிடைக்கும் இடம். பின்னால் கறுப்புத் திரை, நடுவில் ஆடுபவர் மேல் மட்டும் பளிச்சென்ற வெளிச்சம். கேமரா திரையைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும். முகமும் தலைசாமானும் வெளுத்துவிடும். கழித்தல் 1இலிருந்து தொடங்க வேண்டும். அபிநயத்துக்கு 1/160 போதும், தாவலுக்கு 1/500 வேண்டும், ஃபிளாஷ் கூடவே கூடாது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; அதில் எரியும் குழல்விளக்கும் சில எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், சிலவற்றில் குறுக்கே இருண்ட பட்டைகூட விழும். அப்படி நடந்தால் 1/100 அல்லது 1/50க்கு இறங்கிப் பாருங்கள். துடிப்பைக் கணித்து அதற்கேற்ப ஷட்டரை விடும் வசதியும் பல கேமராக்களில் இப்போது உண்டு.

இனி தாளிப்பு

ஒளி விழுந்தாயிற்று. அதை ஜேபெக் படமாக்கும்போது கேமரா செய்யும் திருத்தங்கள் இனி வருவது. சென்சாரில் விழுந்ததைச் சமைக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பின்னால் கணினியில் மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. தாளிப்பை மாற்ற இடம் எங்கே அதிகம் என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. ஆனால் ரா எடுத்தாலும் திரையில் தெரியும் படமும் ஹிஸ்டோகிராமும் பெரும்பாலான கேமராக்களில் ஜேபெக்கை வைத்தே வருகின்றன. தாளிப்பு காரமாக இருந்தால் ஹிஸ்டோகிராமும் காரமாகவே பேசும்.

ஒயிட் பேலன்ஸ், வெள்ளையை எந்த வெளிச்சத்திலும் வெள்ளையாகக் காட்டும் முயற்சி. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்கிறோம்: நண்பகல் வெயில் ஏறக்குறைய 5,500, பழைய குண்டு பல்பு 2,800 பக்கம், எண்ணெய் விளக்கின் சுடர் 2,000க்கு அருகில். எண் குறையக் குறைய மஞ்சளும் சிவப்பும் ஏறும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. கார்த்திகை தீபத்தன்று மட்டும் அதை நம்பாதீர்கள். திண்ணை முழுக்க அகல் ஏற்றி வைத்து எடுத்தால், அந்தப் பொன்னிறத்தைக் குறை என்று நினைத்துக் கொஞ்சம் துடைத்துவிடும். வெயில் குறியில் வைத்து எடுங்கள், விளக்கின் சூடு படத்தில் நிற்கும்.

நேர்மாறான தொல்லை பந்தலில் வரும். நீலமோ பச்சையோ துணி கட்டிய பந்தலுக்குள் வடிந்து வரும் ஒளி, எல்லா முகத்திலும் அந்தச் சாயத்தை ஏற்றிவிடும். அப்போது கஸ்டம் ஒயிட் பேலன்ஸில், அங்கே இருக்கும் வெள்ளையான ஒன்றைக் காட்டி ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவுக்குச் சொல்லலாம். தாத்தாவின் வேட்டியையே காட்டலாமே என்று தோன்றும். நானும் காட்டியிருக்கிறேன், முகங்கள் கொஞ்சம் மஞ்சளாக வந்தன. வேட்டிக்கு நீலம் போட்டிருந்தார்கள். நம் கண்ணுக்கு அது தூய வெள்ளை. கேமராவுக்கு அது லேசான நீலம், அதைச் சரிசெய்ய மஞ்சளை ஏற்றிவிட்டது. அந்தச் சாம்பல் அட்டை சின்னதாக ஒன்று பையில் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

அடுத்தது நிழலைத் தூக்கும் அமைப்பு. கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டி-ரேஞ்ச் ஆப்டிமைசர், ஃபூஜிஃபில்மில் டிஆர் 100, 200, 400. வெயிலில் முற்றமும் நிழலில் திண்ணையும் ஒரே படத்தில் வரும்போது, திண்ணையில் இருப்பவரின் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தருவதில் இவை உதவுகின்றன. ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் இதை அணைத்துவைக்கச் சொல்வேன். பிள்ளையாருக்காக நீங்கள் கழித்தல் 1 போடுகிறீர்கள். படம் இருட்டாக இருக்கிறதே என்று இந்த அமைப்பு பின்னாலேயே வந்து திரும்ப வெளிச்சமாக்கிவிடும். நீங்கள் செய்தது என்ன ஆயிற்று என்றே தெரியாது.

உலையில் கை வைக்கும் தாளிப்பு என்று முன்னால் சொன்னதும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. கேனானின் ஆப்டிமைசர் ராவைத் தொடாது. நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங், வெளிச்சமான இடங்களைக் காப்பாற்ற எக்ஸ்போஷரையே சற்றுக் குறைக்கக்கூடியது. ஃபூஜியின் டிஆர் 200, ஒரு ஸ்டாப் குறைவாகப் பதிவு செய்து, நிழலையும் நடுத்தரத்தையும் பிறகு தூக்குகிறது. அதனால்தான் அதைப் போட்டதும் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ இரண்டு மடங்காகிறது. கேனானிலேயே ஹைலைட் டோன் பிரயாரிட்டி என்ற அமைப்பைப் போட்டால் ஐஎஸ்ஓ 100 கிடைக்காமல் 200இலிருந்து தொடங்குவதும் இதே காரணத்தால்தான். கேமரா பழுது என்று கடைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

நிறச் சுவையை மாற்றும் அமைப்புக்குப் பிக்சர் ஸ்டைல், பிக்சர் கண்ட்ரோல் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். நம் விசேஷப் படங்களுக்கு விவிட் மட்டும் வேண்டாம். அரக்குப் பட்டும் குங்குமமும் மஞ்சள் பூசிய முகமும் ஏற்கெனவே நிறம் நிறைந்தவை. விவிட்டில் சிவப்பு நிரம்பி வழிந்து, பட்டின் நெசவு தெரியாமல் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். ஸ்டாண்டர்டில் வைத்து, வேண்டுமானால் நிறச்செறிவை ஒரு படி குறைத்தால் ஜரிகை இழை இழையாக நிற்கும்.

லென்ஸ் திருத்தங்கள், அதாவது ஓரங்கள் இருள்வது, நேர்கோடு வளைவது, விளிம்பில் ஊதா நிறம் கசிவது ஆகியவற்றைச் சரிசெய்பவை, எப்போதும் ஆனில் இருக்கட்டும். ஐஎஸ்ஓ ஏறும்போது வரும் மணலைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை மட்டும் குறைவான நிலையில் வையுங்கள். அதிகமாகத் துடைத்தால் தாத்தாவின் கன்னச் சுருக்கமும் சேர்ந்து போய் மெழுகுப் பொம்மை ஆகிவிடுவார்.

நீண்ட எக்ஸ்போஷருக்கென்று தனியாக ஒரு நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கிறது. முக்காலியில் வைத்துக் கோபுரத்தின் இரவு விளக்குகளை 30 நொடி எடுத்தால், முடிந்ததும் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னும் 30 நொடி இருட்டைப் படம் எடுக்கும். சென்சாரே உண்டாக்கும் புள்ளிகளை அதில் கண்டுபிடித்து, முதல் படத்திலிருந்து கழிக்கும். அந்த நேரத்தில் கேமரா ‘பிஸி’ என்று காட்டும், எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. கோபுரம் எங்கும் போகாது, காத்திருக்கலாம். வாணவேடிக்கை காத்திருக்காது, அதற்குப் போகும்போது இதை அணைத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், பையில் வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை. போன வருடம் ஊர்த் திருவிழாவில் இரவு விளக்கு அலங்காரத்துக்காகக் கழித்தல் 2 வைத்திருந்தேன். அப்படியே அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். என் கேமராவில் அந்தத் திருத்தம் அணைத்தாலும் அழியாது. விடியற்காலையில் தேர் கிளம்பும் அவசரத்தில் எடுத்த முதல் இருபது படங்களும் இருட்டில் மூழ்கிப் போயின. இப்போதெல்லாம் லென்ஸ் மூடியைப் போடுவதற்கு முன்பே வெளிச்சத் திருத்தத்தை 0க்கும், ஐஎஸ்ஓவையும் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவுக்கும், டயலை ஏ-க்கும் கொண்டுவந்துவிடுகிறேன். பத்து நொடிகூட ஆகாது.